ஒன்றரை மணி நேரம் ஊமையான கம்ப்யூட்டர்

சின்னாளப்பட்டியில் குருசாமியின் சுங்குடிப் புடவைப் பட்டறை வாசலில் பைக் நின்றபோது, பின்சீட்டிலிருந்து தமிழ்மதி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்கினாள். ஐந்து மாதமாகக் கடித்துக்கொண்டிருக்கும் பல். அதற்குக் காரணமான ஆள் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறான் என்று அவள் உள்ளுணர்வு சொன்னது. எந்த ஆள் என்பதுதான் தெரியவில்லை.

அவளுடைய அக்கா புவனேஸ்வரி இதே பட்டறையில் பதினோரு வருஷம் புடவை டிசைன் போட்டவள். போன ஆடி மாதம் அவள் வரைந்த புது டிசைன்கள், இங்கே துணியில் ஏறுவதற்கு முன்பே திண்டுக்கல்லில் வேறொரு கடையில் தொங்கின. அதே வாரத்தில் பட்டறை லேப்டாப்பும் காணாமல் போனது. குருசாமி இரண்டையும் முடிச்சுப் போட்டு அக்காவின் தலையில் கட்டிவிட்டார். அவர் போலீசுக்குப் போகவில்லை. சின்னாளப்பட்டியிலிருந்து மதுரை வரை டிசைன் வேலை தரக்கூடிய பதினான்கு முதலாளிகளுக்கு வரிசையாகப் போன் போட்டு, அந்தப் பொம்பளைக்குக் கை சுத்தமில்லை, உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு புவனேஸ்வரியை யாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கவில்லை. பதினான்கு வாசலிலும் ஏறி இறங்கிவிட்டு, இப்போது திண்டுக்கல்லில் ஒரு வெங்காயக் கிடங்கில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கப் போகிறாள். தங்கை வீட்டுக்கு வந்தால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்காருகிறாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஏஜென்சி நடத்தும் தமிழ்மதி, ஊரார் வழக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைக் கையில் எடுத்திருந்தாள். திருடனைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் அவள் ராத்திரி பகலாக யோசித்து வைத்திருந்தாள்.

உள்ளே நுழைய வழி கொடுத்தவன் அவளுடைய உதவியாளன் ஃபாரிஸ். நாற்பது வயது, நாற்பது கிலோ உடம்பு, நானூறு கிலோ வாய். துப்பறிய வருவதற்கு முன்னால் பேகம்பூரில் மச்சானின் கடையில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்தவன். நேற்று அந்தக் கடைக்குத்தான் குருசாமியின் போன் வந்திருந்தது. ஃபோல்டரைத் திறந்தால் திறப்பதில்லையாம். ரைட் க்ளிக் செய்தால் மெனு வருவதற்குள் டீ ஆறிப்போகிறதாம். மச்சானிடமிருந்து அந்த வேலையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டான் ஃபாரிஸ். இன்றைக்கு அவன் எஞ்சினியர். முகக்கவசம் மாட்டி, டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகும் தமிழ்மதி அவனுடைய ஹெல்ப்பர். பல வருஷம் கோயம்புத்தூரில் இருந்த அவளைக் குருசாமி ஒருநாளும் பார்த்ததில்லை.

"சம்பளம் ஏத்திக் கேக்கலாம்னு இருக்கேன் மேடம்," என்று படியேறும்போது கிசுகிசுத்தான் ஃபாரிஸ். "நீங்க எனக்கு வேலைக்காரியா இருக்குற இன்னிக்கு விட்டா வேற எப்பக் கேக்குறது?"

"இன்னிக்கு அவன் சிக்கினா கேளு. சிக்கலைன்னா உன் மச்சான் கடைக்கே போயிரு."

ஆபீஸ் அறையில் குருசாமி வெள்ளைச் சட்டையும் வெடுவெடுத்த முகமுமாக உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் சூப்பர்வைசர் ஆனந்த்ராஜ். நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டில் மூன்று சாமிக் கயிறு. மானிட்டரின் ஒரு மூலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஃபாரிஸ் அதை ஒரு விநாடி பார்த்துவிட்டு, இந்த ஆன்டி-வைரஸ் எப்போது போட்டது என்று பவ்யமாகக் கேட்டான். முதலாளி சிரிக்கவில்லை.

சிரித்தது வாசலில் வந்து நின்ற குருசாமியின் மருமகன் ராஜ்கமல். விற்பனையை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். மாடியில் தனி அறை. ஜீன்ஸ், கூலிங் கிளாஸ், விரலில் சுழலும் கார் சாவி. பழம் கட்டினால் மெஷின் ஓடுமா, இதெல்லாம் கிழவிகள் சமாச்சாரம் மாமா என்று கேலி பேசினான். பிறகு ஃபாரிஸ் பக்கம் திரும்பி, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆனால் ஃபார்மேட் மட்டும் அடித்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

ஃபாரிஸ் உட்கார்ந்து ஒரு ஃபோல்டரின் மேல் ரைட் க்ளிக் செய்தான். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. தமிழ்மதி மனசுக்குள் எண்ணினாள்; நாற்பத்தெட்டு எண்ணியபோதுதான் மெனு வந்தது. ஃபாரிஸ் குப்பைக் கோப்புகளைத் துடைத்தான், மெனுவில் ஒட்டிக்கொண்டிருந்த உபரிச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான், மறுபடி தட்டினான். மறுபடியும் நாற்பத்தெட்டுதான்.

"எப்பவும் இப்படித்தானாங்க?" என்று கேட்டான்.

எப்போதும் இல்லை, நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துக்கொள்ளும் என்றார் ஆனந்த்ராஜ். பிறகு குரலை உயர்த்தி, எல்லாம் அந்த லூர்தம்மாள் தரை துடைக்கிறேன் என்று வயரை இழுத்துவிட்டுப் போவதால் வருகிற வினை என்றார்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் தமிழ்மதி பின்கட்டுக்குப் போனாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த லூர்தம்மாளுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்திருந்தது. பொங்கிவிட்டாள்.

"நான் மாப்பு போடுறது காலையில ஏழு மணிக்கு. அந்தப் பெட்டி படுக்குறது எப்ப எப்பவோ. எம்மேல பழியப் போடுறாகளேன்னு, படுக்குற நேரத்தையெல்லாம் எழுதி வச்சிருக்கேன். வந்து பாரு தாயி."

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தது. திங்கள் எட்டிலிருந்து ஒன்பது. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை. புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு. சனி ஒன்பதிலிருந்து பத்தரை. மூன்று வாரமாகப் பார்த்து எழுதியது, ஒரு நாள்கூடத் தப்பவில்லை என்று சிலுவை போட்டுச் சொன்னாள். பட்டறை திறப்பதே எட்டு மணிக்கு என்பதால் திங்கட்கிழமை மட்டும் ஒரு மணி நேரம்; மற்ற நாளெல்லாம் சுத்தமாக ஒன்றரை மணி நேரம்.

தமிழ்மதி அந்த வரிகளை இரண்டு தடவை படித்தாள். எங்கேயோ பார்த்த கணக்காக இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வேப்ப மரத்தடியில் நின்ற காருக்குள் ராஜ்கமல் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். போன்கூடப் பார்க்கவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியதும் அவள் கண் குருசாமியின் தலைக்கு மேலே தொங்கிய தினசரிக் காலண்டரில் போய் நின்றது. வெள்ளிக்கிழமைத் தாளின் அடியில், இராகு காலம் 10.30 – 12.00. தூசி தட்டுகிற பாவனையில் அடுத்த தாளைத் தூக்கினாள். சனிக்கிழமை, 9.00 – 10.30. இன்னும் இரண்டு தாள் தள்ளி, திங்கள், 7.30 – 9.00. சுவரில் கரியால் எழுதியிருந்த அதே நேரங்கள். லூர்தம்மாள் மாதா கோயிலுக்குப் போகிறவள்; ராகு காலம் பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அதனால்தான் நேரத்தை நேரமாக மட்டும் எழுதி வைத்திருந்தாள்.

ஸ்க்ரூடிரைவர் நீட்டுகிற சாக்கில் குனிந்து ஃபாரிஸின் காதில் விஷயத்தைப் போட்டாள்.

"வைரஸ் பாத்துருக்கேன், எலி கடிச்ச வயர் பாத்துருக்கேன்," என்றான் அவன் உதடு அசையாமல். "கம்ப்யூட்டருக்கு ஜாதகம் பாக்க நான் படிக்கலையே மேடம்."

"கம்ப்யூட்டருக்கு ஏதுய்யா ராகு காலம்? ராகு காலம் பாக்குற ஆளு ஒருத்தன் இதோட அந்தப் பக்கம் இருக்கான். அவன் எதையோ அணைச்சு வைக்கிறான், இது இங்க படுத்துக்குது."

ஃபாரிஸின் கண் அகலமானது. கேலி போய், பழைய தொழில் அவன் விரலுக்கு வந்தது. ரைட் க்ளிக் செய்ததும் கம்ப்யூட்டர் தன்னோடு சேர்த்து வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்கும், இருக்கிறாயா என்று. எல்லோரும் பதில் சொன்னால்தான் மெனு. ஒரு மச்சான் வரவில்லையென்று மொத்தப் பந்திக்கும் இலை போடாமல் நிற்கிற கல்யாண வீடு மாதிரி, பதில் சொல்லாத ஒருவனுக்காக அது நின்றுகொண்டிருக்கும். அந்த மச்சான் யார் என்று பார்த்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே, இணைப்புகளின் பட்டியலைத் திறந்தான்.

அதில் ஒரே ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. புவனா லேப்டாப்.

அக்காவைக் காப்பாற்ற வந்த இடத்தில் அக்காவின் பெயரே அவளைக் குழியில் தள்ளியது. அதற்குள் குருசாமி எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டார்.

"பாத்தியாடா ஆனந்த்ராசு. நான் அன்னிக்கே சொன்னேன்ல? வேலைய விட்டுத் தூக்குனதுக்கப்புறமும் அந்தச் சிறுக்கி இதுக்குள்ள உக்காந்துக்கிட்டு என் டிசைனத் திருடுறா. பொங்கலுக்குப் போட்டு வச்ச டிசைனும் போன வாரம் வெளிய வந்துருச்சே, எப்படின்னு கேட்டியே?"

தமிழ்மதியின் கை ஸ்க்ரூடிரைவரைத் தானாக இறுக்கியது. ஃபாரிஸ் அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்துவிட்டு, முதலாளி செத்த நேரம் பொறுக்க வேண்டும் என்றான். அந்தப் பெயரின் மேல் அழுத்தி உள்ளே போனான். இது ஒரு பேக்கப்; இந்தக் கம்ப்யூட்டரில் எந்த டிசைனைப் போட்டு வைத்தாலும் பாதுகாப்புக்காக ஒரு பிரதி தானாகவே அந்த லேப்டாப்புக்குப் போகும்; முன்பு இருந்த டிசைனர் நல்லதுக்குச் செய்து வைத்த ஏற்பாடு என்று விளக்கினான். குருசாமி தொலைந்தது என்று சொன்ன லேப்டாப்புக்கு ஐந்து மாதமாகப் பிரதி போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது. கடைசியாகப் போன நேரம், இன்று காலை 10.24.

"அதான் நானும் சொல்றேன். அவ வீட்ல இருந்துக்கிட்டு..."

"வீட்ல இருந்து முடியாது முதலாளி. இது உங்க வைஃபையில மட்டும்தான் ஓடும். கேட்டத் தாண்டுனா செத்துப்போகும். இன்னிக்குக் காலையில பத்து இருபத்துநாலுக்கு அந்த லேப்டாப்பு இந்தக் கூரைக்குக் கீழதான் உயிரோட இருந்துருக்கு."

குருசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனந்த்ராஜ் நெற்றி வியர்வையைத் துடைக்க, விபூதி பாதி கையோடு வந்தது. ராகுவுக்குப் பயப்படுகிற மூஞ்சி எப்படி இருக்கும் என்று இதோ பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல ஃபாரிஸ் கண்ணைக் காட்டினான்.

தமிழ்மதி கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிஷம். யாரும் அறையை விட்டுப் போக வேண்டாம், ஆனந்த்ராஜ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரைட் க்ளிக் செய்துகொண்டே இருக்கட்டும் என்றாள். ஹெல்ப்பர் பெண் அதிகாரம் செய்வதைக் கேட்டுக் குருசாமி நிமிர்ந்து பார்த்தார்.

ஆனந்த்ராஜ் வந்து உட்கார்ந்தார். தட்டினார், நாற்பத்தெட்டு. மறுபடி தட்டினார், நாற்பத்தெட்டு. அவர் இரண்டு கையும் மேசைமேல் எல்லோர் கண்ணுக்கும் தெரியத்தான் இருந்தன. பன்னிரண்டு அடித்தது. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஆனந்த்ராஜ் தட்டினார், மறுபடி நாற்பத்தெட்டு. பிறகு மூன்று நிமிஷம் கழித்து ஒரு தட்டு. விரலை எடுப்பதற்குள் மெனு வந்து நின்றது. ஃபோல்டரைத் திறந்தார், திறந்தது. சிவப்புக் குறி இருந்த இடத்தில் பச்சை.

"தப்பா நெனச்சுட்டேன் சாமி, மன்னிச்சுக்கங்க," என்று ஃபாரிஸ் ஆனந்த்ராஜைப் பார்த்துக் கும்பிட்டான். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

தமிழ்மதி அதற்குள் பாதி மாடிப்படி ஏறியிருந்தாள். அச்சுப் போடுகிற ஹாலைத் தாண்டி, கோடி அறைக் கதவைத் தள்ளினாள். ராஜ்கமல் மடியில் லேப்டாப். அவன் மூடப் பார்த்தான். அவள் கை குறுக்கே போனது. அடிப்பக்கத்தில் பட்டறையின் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற குருசாமி அதைப் படித்தார்.

இப்போதுதான் பழைய பீரோவில் கிடைத்தது, யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆரம்பித்தான் ராஜ்கமல்.

"அப்ப ஃபார்மேட் பண்ணாதீங்கன்னு எதுக்குச் சொன்னீங்க?" என்றாள் தமிழ்மதி. "பண்ணிருந்தா இந்த இணைப்பு அத்துப்போயிருக்கும். அப்புறம் நீங்களே கீழ போயி யாரு கண்ணுலயும் படாம காப்பி எடுக்கணும். இப்ப உக்காந்த எடத்துக்கே டிசைன் வந்து சேருதுல்ல."

"நீ யாரு என்னையக் கேக்குறதுக்கு?"

"பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் கார்ல என்ன பண்ணுனீங்க? திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு முன்னாடி இத ஏன் தொறக்க மாட்டேங்கிறீங்க? செவ்வாக்கெழம மூணு மணிக்கு ஏன் மூடி வைக்கிறீங்க?"

எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரித்த அதே ஆள், மாமனாரின் கண்ணைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொன்னான். ஆரம்பிக்கும்போது ஒரு ஜோசியரைப் பார்த்தானாம். உனக்கு ராகு சரியில்லை, ராகு காலத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடாதே, தொட்டால் மாட்டிக்கொள்வாய் என்று அவர் சொன்னாராம்.

"என்ன வேலைன்னு அவருட்டச் சொன்னீங்க?" என்று வாசலில் நின்ற ஃபாரிஸ் கேட்டான்.

"புது பிசினஸ்னு."

"ஜோசியரு கெட்டிக்காரரு. ராகு காலத்தாலதான மாட்டிருக்கீங்க, பொய்யே சொல்லல."

குருசாமி மருமகனை ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, தமிழ்மதியைப் பார்த்து நீ யாரம்மா என்று கேட்டார். அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"புவனேஸ்வரியோட தங்கச்சி."

அவருக்கு அக்காவின் ஜாடை தெரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். பேசும்போது குரல் பணிந்திருந்தது. வீட்டு விஷயம் வெளியே போனால் மகள் வாழ்க்கை நாறிவிடும் என்றார். அக்காவை நாளைக்கே வரச் சொல், பழைய நாற்காலியிலேயே உட்காரட்டும், சம்பளம் கூட்டித் தருகிறேன், இவனை நான் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன், இது இந்த நாலு சுவருக்குள்ளேயே முடியட்டும் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்.

அந்தக் கெஞ்சல் தமிழ்மதிக்கு இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே இனித்தது. அறுபது வயது மனுஷன் வியர்த்து நிற்பதைப் பார்த்து இரக்கம் வரும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். வரவில்லை. திருடியவன் மருமகன், ஆனால் அக்காவைத் தெருவில் நிறுத்தியது இந்த வாய்தான். அவளுடைய கணக்கில் மருமகன் இரண்டாவது ஆள்.

"எங்கக்காவைப் பத்திச் சொன்னப்ப நாலு சுவத்துக்குள்ளயா சொன்னீங்க?" என்றாள். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "பதினாலு பேரு. எங்கக்கா வேல கேட்டு ஏறி எறங்குன வாசல். நம்பரோட எழுதி வச்சிருக்கேன். ஹாலுக்கு வாங்க. உங்க ஆளுக அம்புட்டுப் பேரும் நிக்கட்டும். ஸ்பீக்கரப் போட்டு ஒவ்வொருத்தருட்டயா நீங்களே சொல்லணும். மாட்டேன்னா லேப்டாப்பும் உங்க மருமகனும் இப்பவே ஸ்டேஷனுக்கு வருவாக."

குருசாமி ஃபாரிஸைப் பார்த்தார். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற அவன், ஹால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

அச்சு மேசைகளுக்கு நடுவில் இருபது பேர் கை வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தமிழ்மதி தன் போனில் அக்காவைக் கூப்பிட்டாள். பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இரு என்று சொல்லிப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். குருசாமி முதல் நம்பரைப் போட்டார்.

"குருசாமி பேசுறேன். ஆடி மாசம் ஒரு சேதி சொன்னேன்ல, அந்த டிசைன் போடுற பிள்ளையப் பத்தி. அது தப்பு. அந்தப் பிள்ள திருடல. திருடுனது... எங்க வீட்டு மருமகன்."

அந்தப் பக்கம் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் அண்ணே என்றார்கள். குருசாமி தமிழ்மதியைப் பார்த்தார். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் திரும்பச் சொன்னார்.

இரண்டாவது ஆள் விழுந்து விழுந்து துக்கம் விசாரித்தார். மூன்றாவது ஆள் சிரித்தே விட்டார். மூன்று முடிந்தபோது குருசாமியின் தொண்டை கட்டிக்கொண்டது; கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். தமிழ்மதியின் சட்டைப் பைக்குள், வெங்காயக் கிடங்கின் இரைச்சலுக்கு நடுவே அக்காவின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தமிழ்மதியே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லா குடிங்க," என்றாள். "குடிச்சிட்டு அடுத்த நம்பரப் போடுங்க. இன்னும் பதினோரு பேரு இருக்காக. கொரல் தெளிவா இருக்கணும்."